பம்பு ரூம் சாவி

அந்தக் குழாய மூடாத தங்கச்சி. ஓடட்டும். குடம் நெறைஞ்சா வழிஞ்சு வாழைக்குப் போயிக்கும். தண்ணிய வீணாக்குறேன்னு தெருவே என்னையத் திட்டுது, திட்டிட்டுப் போகட்டும். நீ அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு நெழல்ல உக்காரு.

உன் மொகத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நானும் போன வருஷம் இதே மொகத்தத் தூக்கிக்கிட்டுத்தான் ஒவ்வொரு வாசலா ஏறி எறங்குனேன். வீட்டுக்காரர் குடிய நிறுத்துற செண்டர்லேருந்து வந்து எத்தன நாளாச்சு? ஒம்பது நாளா. ஒம்பது நாளெல்லாம் ஒண்ணுமே இல்ல. சொல்றேன்னு கோவிச்சுக்காத.

பம்பு ரூம் வேல காலியாத்தான் இருக்கு. பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும், தட்ட மாட்டாரு. சொல்றேன். ஆனா எந்த இடம், என்ன வேலன்னு முழுசாக் கேட்டுக்கிட்டு அப்புறமா ஆள அனுப்பு. ஊருல நாலு பேரு நாலு விதமாச் சொல்லியிருப்பாங்க உங்கிட்ட. எங்க வீட்டுக்காரரப் பத்தி, மருதை குடிச்சிட்டுத்தான் செத்தான்னு சொல்லியிருப்பாங்களே? சொன்னாங்கல்ல. எனக்குத் தெரியும். இரு, அதுக்கு ஒரு பேப்பர் இருக்கு, காட்டுறேன். முன்னாடியே காட்டுனா உனக்கு ஒண்ணும் வெளங்காது.

எங்க வீட்டுக்காரர் செண்ட்ரிங் வேல. பலகை அடிச்சு, கம்பி கட்டி, தளம் போடுற வேல. கை சுத்தம், நல்ல வேலக்காரரு. அவர வச்சுத் தளம் போட்ட வீடு ஒண்ணுகூட ஒழுகுனதில்ல, கேட்டுப்பாரு. ஆனா அந்த வேலையில ஒரு பழக்கம் உண்டு. தளம் போட்டு முடிச்ச அன்னிக்கு வீட்டுச் சொந்தக்காரரே ஆளுங்களுக்குப் பாட்டிலும் பிரியாணியும் வாங்கிக் குடுக்கணும். குடுக்கலன்னா ராசியில்லம்பாங்க. கோயில் தர்மகர்த்தா வீட்டுக்குப் போட்டப்பகூட அவரு ஆளவிட்டு வாங்கிக் குடுத்தாரு. அப்படித்தான் இவருக்குப் பழகுச்சு. மொதல்ல தளத்துக்குத் தளம், அப்புறம் சனிக்கெழம சனிக்கெழம, அப்புறம் கெழமையே இல்லாமப் போச்சு.

செண்டர்ல முப்பது நாளு வச்சிருந்து அனுப்பும்போது ஒரு அம்மா பேசுனாங்க. கண்ணாடி போட்ட அம்மா, உன்கிட்டயும் பேசியிருப்பாங்களே. பழைய வேலைக்கு இப்போதைக்கு அனுப்பாதீங்க, வேலையப் பாத்துத் தேர்ந்தெடுங்க, மருந்தவிட அதுதான் முக்கியம்னாங்க. ஒரு பேப்பர் குடுத்தாங்க, அதே பேப்பர்தானா உன் கையில இருக்குறது? ஆமா, அதே மஞ்சப் பேப்பர். எனக்குப் படிக்கத் தெரியாது, அவங்க வாயால சொன்னத அப்படியே மனசுல ஏத்திக்கிட்டேன். தெனக்கூலி கையில வாங்குற வேல வேணாம். பழைய கூட்டாளி இருக்குற எடம் வேணாம். பிராந்திக் கட இருக்குற பாதையில போக வர வேணாம். பசியோட இருக்க விடக் கூடாது. அஞ்சாவதா ஒண்ணு சொன்னாங்க. அது நெனவு இல்ல. இல்ல, படிக்க வேணாம். வை. அப்புறம் பாக்கலாம்.

அந்த நாலையும் வச்சுக்கிட்டு நான் வேல தேடுனேன் பாரு, பொண்ணுக்கு மாப்பிள்ள தேடுறவகூட அப்படித் தேடியிருக்க மாட்டா. அரிசி ஆலையில மூட்ட தூக்கக் கூப்பிட்டாங்க. சாயங்காலம் ஒடம்பு வலின்னு எல்லாம் ஒண்ணாத்தான் கெளம்புவானுங்க, வேணாம்னுட்டேன். திருச்சியில துணிக்கடைக்கு வாட்ச்மேன். போயிப் பாத்தேன். கடைக்கு எதுக்கவே குடிக்கிற பாரு ஒண்ணு. டீக்கட வச்சுத் தர்றேன்னு என் தம்பி சொன்னான். டீக்கடைக்கு வராத கூட்டாளி உண்டா? திருப்பூருக்கு அனுப்புன்னாங்க. அங்க ரூம்ல எட்டுப் பேரு தங்குவானுங்க, ஒருத்தன் சும்மா இருந்தா ஒருத்தன் ஊத்திக் குடுப்பான். இப்படி ஒவ்வொண்ணாக் கழிச்சேன். அவரு கயித்துக் கட்டுல்ல உக்காந்து கையப் பாத்துக்கிட்டே இருப்பாரு. கை ஆடும் அப்ப.

அப்பத்தான் பம்பு ரூம் ஆளு ஓய்வு வாங்குறாருன்னு கேள்விப்பட்டேன். ஓடுனேன் தலைவர்கிட்ட. கால்ல விழாத கொறதான். ஊருக்குள்ள இருந்த மேல்நிலைத் தொட்டி வெடிச்சுப் போச்சுன்னு இடிச்சுட்டாங்க, புதுசு இன்னும் கட்டல. அதனால ஆத்துலேருந்து மோட்டார் நேராத் தெருக்குழாய்க்குத்தான் தண்ணி தள்ளும். மோட்டார் ஓடுனாத் தண்ணி வரும், நின்னா நின்னுரும். ஒவ்வொரு தெருவுக்கும் வால்வு மாத்தி விடணும், வோல்டேஜ் பாக்கணும். காலையில ஆறுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஒரு ஆளு அங்கயே இருந்தாகணும். மாசச் சம்பளம், அதுவும் என் பேருல பேங்குல போட்டுருவாங்க. ஊருலேருந்து ஒன்ர மைலு, சுத்தி நாணல். மனுஷ வாசமே கெடையாது. கட இந்தப் பக்கம், பம்பு ரூம் அந்தப் பக்கம். எனக்குன்னே யாரோ செஞ்சு வச்ச மாதிரி இருந்துச்சு.

ஊருல கேலி பண்ணுனாங்க, தண்ணிப் பார்ட்டிக்குத் தண்ணி வேலையான்னு. பண்ணட்டுமே.

முன்னால அந்தக் காம்பவுண்டுக்குள்ள பூந்துதான் குடிகாரப் பயலுக குடிப்பானுங்க. நான் தலைவர விடல. செவத்த ஒசத்துங்க, மேல கண்ணாடி பதிங்கன்னு நச்சரிச்சு நச்சரிச்சுப் பதிக்க வச்சேன். ஆத்துல கெடந்த பாட்டிலையே ஒடச்சுப் பதிச்சாங்க. பச்சையும் வெள்ளையுமா வெயில்ல மின்னும். புது இரும்புக் கேட்டு ஒண்ணும் போட்டுக் குடுத்தாரு.

பூட்டு நான் வாங்குனது.

நானாப் பூட்டல தங்கச்சி. நல்லாக் கேட்டுக்க. அவருதான் சொன்னாரு. மொத வாரம். கேட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டு, வேர்த்து ஊத்துது மனுஷனுக்கு, "பவளம், வெளிய பூட்டிட்டுப் போ. நான் கத்துனாலும் தொறக்காத"ன்னாரு. அவரு சொன்ன வார்த்த அது. கத்துனாலும் தொறக்காத. நான் பூட்டிட்டு வந்தேன். மத்தியானம் சோறு கொண்டுபோவேன், தொறப்பேன், பக்கத்துல உக்காந்து திங்க வைப்பேன், பூட்டுவேன். சாயங்காலம் போயிக் கூட்டியாருவேன். போனையும் நான் வாங்கி வச்சுக்கிட்டேன். போன்லதான கூப்பிடுவானுங்க, மாமா எங்க இருக்க, பங்காளி எங்க இருக்கன்னு.

ஒரு மாசத்துல கை ஆட்டம் நின்னுச்சு. ரெண்டு மாசத்துல கன்னம் உப்புச்சு. நான் செவுத்துல கரிக்கோடு போட்டு வந்தேன், உள்ள போயிப் பாரு, இன்னும் இருக்கு. இருவது வருஷக் குடித்தனத்துல அந்த மூணு மாசந்தான் நான் நிம்மதியாத் தூங்குனது.

அவரும் நல்லாத்தான் இருந்தாரு. என்ன, பேச்சு கொறஞ்சு போச்சு. ஒருநாள் சோறு கொண்டுபோனேன், உள்ள யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருக்காரு. எவன்டா உள்ள வந்தவன்னு ஓடுனேன். பாத்தா மோட்டார்கிட்ட. "என்னடா இன்னிக்கு இப்படி உறுமுற, வயிறு சரியில்லையா"ன்னு கேக்குறாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. "பேசி நாலு நாளாச்சு பவளம், வாய் மரத்துப் போச்சு"ன்னாரு. நாகப்பன்னு ஒரு கொத்தனார், மாதா கோயில்ல சத்தியம் பண்ணிட்டு ஆறு வருஷமாக் குடிக்காம வேல செய்றவரு, அவருகூடச் சித்தாளாவாவது போறேன்னு கேட்டாரு. நாலு பேரு மொகத்தப் பாத்தாத் தேவலாம் போல இருக்குன்னாரு. கட்டட வேலன்னாலே எனக்கு ஆகாது. தளம் போடாத கட்டடம் உண்டா? முடியாதுன்னுட்டேன். இப்பப் பூட்ட வேணாமே, எனக்கே தெம்பு வந்துருச்சுன்னும் ஒரு நாள் சொன்னாரு. தெம்பு வந்துருச்சுன்னு சொல்றப்பத்தான் தங்கச்சி நாம பயப்படணும். எங்க சின்ன மாமனாரும் அப்படிச் சொன்ன மறுநாள்தான் ரோட்டுல கெடந்தாரு.

அக்டோபர் ரெண்டு. அன்னிக்கு நூத்திப் பதிமூணாவது நாளு. காலையில கேட்டுக்குள்ள போனவரு திரும்பி, "இன்னிக்குக் காந்தி ஜெயந்தி, கடையே கெடையாது. இன்னிக்காவது பூட்டாமப் போயேன்"னாரு. வெளையாட்டாத்தான் கேட்டாரு, சிரிச்சிக்கிட்டே. நான் சொன்னேன், கட இல்லாத அன்னிக்குத்தான் பிளாக்குல வீட்டு வாசல்லயே கொண்டாந்து விப்பானுங்கன்னு. நெசந்தான அது? நீயே சொல்லு. பூட்டிட்டு வந்துட்டேன். சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

அன்னிக்குக் கிராம சபைக் கூட்டம். நூறு நாள் வேலைக்காரங்க எல்லாரும் கட்டாயம் வரணும்னு சொல்லிட்டதால ஆத்துப் பக்கம் ஆடு மேய்க்குறவங்ககூட இல்ல. மொத்த ஊரும் பள்ளிக்கூடத்துல. கடைய மூடச் சொல்லித் தீர்மானம் போடணும், நீ நாலு வார்த்த பேசுன்னு மகளிர் குழு அக்கா என்னைக் கேட்டிருந்தாங்க. நான் நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன்.

பந்தலுக்குப் பக்கத்துலயே ஒரு குழாய். அண்டாவ வச்சுத் தொறந்து விட்டுருந்தாங்க, வந்தவங்களுக்குக் குடிக்க. கூட்டம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல தண்ணி நின்னுச்சு. கரண்டு போயிருச்சுன்னு நெனச்சோம். ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. திரும்ப வந்துச்சு. நின்னுச்சு. வந்துச்சு. நின்னுச்சு. குழாய் தொண்டையக் கனைக்குற மாதிரி சத்தம் போடும் பாரு காத்து வந்து, அந்தச் சத்தம். பின்னாலேருந்து ஒருத்தன் சொன்னான், "ஆப்பரேட்டர் இன்னிக்கு லீவுன்னு உள்ள கச்சேரிய ஆரம்பிச்சுட்டாரு போல"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. தலைவரும் சிரிச்சாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு. அவமானம். நானும் அப்படித்தான் நெனச்சேன். எப்படியோ எவன்கிட்டயோ வாங்கிட்டாருன்னுதான் நெனச்சேன். செவுத்துக்கு மேல கயிறு கட்டி விட்டுருப்பானுங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள என் பேரக் கூப்பிட்டுட்டாங்க. மைக்கப் புடிச்சேன். எங்க வீட்டுக்காரர் நூத்திப் பதிமூணு நாளாத் தொடல, எல்லாப் பொம்பளைங்களும் மனசு வச்சா ஆம்பளைங்களத் திருத்தலாம்னு பேசுறேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே அந்தக் குழாய் பக்கத்துல நின்னு நின்னு வருது. என்னையப் பேச விடாமக் கெடுக்குறாருன்னு ஆத்திரம் எனக்கு. இருய்யா, சோறு கொண்டாந்து வச்சுக்குறேன்னு மனசுக்குள்ள கருவிக்கிட்டே பேசுனேன். நல்லாத்தான் பேசுனேன். கை தட்டுனாங்க. கதர்த் துண்டு ஒண்ணு போத்துனாங்க. அப்புறம் கையெழுத்து, கைநாட்டு, சுண்டல். சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தப்பத்தான் தண்ணி சுத்தமா நின்னுச்சு. திரும்ப வரல.

உடனே போகல நான். வீம்பு. நல்லாக் கெடந்து தெளியட்டும்னு வீட்டுக்கு வந்து, கருவாட்டுக் கொழம்பச் சுட வச்சு, நிதானமாத் தூக்குல எடுத்துக்கிட்டுப் போனேன். ரெண்டு மணி இருக்கும்.

கேட்டுல சாஞ்சு உக்காந்திருந்தாரு. தூங்குறாருன்னு நெனச்சேன். வலது காலுல முழங்காலுக்குக் கீழ துண்ட இறுக்கிக் கட்டியிருந்தாரு. கால் தூண் மாதிரி வீங்கிக் கருத்துப் போயிருந்துச்சு. கண்ணாடிவிரியன். வால்வுக் குழிக்குள்ள கால விட்டப்பக் கடிச்சிருக்கு. ஒரு கை கம்பிக்கு வெளிய நீண்டு பூட்டு மேல இருந்துச்சு. வெயில்ல பூட்டு கொதிச்சுச்சு. சாவி எனக்குப் போக மாட்டேங்குது. எத்தன தடவ தொறந்த பூட்டு, போக மாட்டேங்குது.

அப்புறமாத்தான் மண்ணப் பாத்தேன். மோட்டார் ரூம் வாசல்லேருந்து கேட்டு வரைக்கும் ஒரே தடம். போயிட்டு வந்து, போயிட்டு வந்து, கடைசிக் கடைசியா ஒத்தக் கால இழுத்துக்கிட்டு வந்த தடம். சுவிட்சப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி, யாராவது வர்றாங்களான்னு கேட்டுக்கு வந்து பாத்திருக்காரு. டாக்டர் சொன்னாரு, நடக்காம ஒரே எடத்துல கெடந்திருந்தா வெஷம் இவ்ளோ சீக்கிரம் ஏறியிருக்காதாம். நடக்கலன்னா எங்களுக்கு எப்படிச் சொல்லுவாரு?

இந்தா, இதுதான் அந்தப் பேப்பர். லேமினேசன் போட்டு வச்சிருக்கேன். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு. இங்க செவப்பு மையில கோடு போட்டுருக்கு பாரு, நான்தான் ஆஸ்பத்திரி கிளார்க்குகிட்டக் கேட்டுப் போட்டுக்கிட்டேன். வயித்துல சாராயம் எதுவும் இல்லன்னு போட்டுருக்கா? போட்டுருக்குல்ல. படிச்ச புள்ள நீ, உரக்கப் படி. ஒரு சொட்டு இல்ல தங்கச்சி. நூத்திப் பதிமூணு நாளும் சுத்தம். இத எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனேன். அன்னிக்குச் சிரிச்சவன் வீட்டுக்கும் போனேன், அவன் பொண்டாட்டி கதவ மூடிட்டா. இன்னும் குடிச்சிட்டுப் பாம்ப மிதிச்சான்னுதான் பேசுறானுங்க. அதுதான் எனக்குப் பொறுக்கல. செத்தவரு மேல எப்படிப் பழி போடலாம்?

அவருக்கு அப்புறம் மூணு பேரு வந்தானுங்க அந்த வேலைக்கு. ஒருத்தனும் நெலைக்கல. நான்தான் காரணம்னு சொல்லுவாங்க, நம்பாத. மோட்டார நிறுத்துனா நான் ஓடிப் போயி கேட்டப் புடிச்சு ஆட்டுறேனாம். ஆமா, போவேன். நின்னாப் போயிப் பாக்கணுமா இல்லையா? டீ குடிக்கப் போனேன்கிறான் ஒருத்தன், ஃபியூஸ் போயிருச்சுங்கிறான் ஒருத்தன். சொல்லிட்டுப் போனா என்ன? இன்னிக்குத் தலைவரோட மச்சான் காலையில வந்து மோட்டாரப் போட்டுட்டு அரியலூரு போயிட்டான், சாயங்காலம் வந்து நிறுத்துவான். உள்ள யாரும் இல்ல இப்ப. அதனாலதான் சொல்றேன், உன் வீட்டுக்காரர் வரட்டும், நல்ல வேலதான். குடிக்காம இருக்க அதவிட நல்ல எடம் கெடைக்காது. கேட்டுக்கு இப்பப் பூட்டுக் கெடையாது. நான் எடுத்துட்டு வந்துட்டேன். ஆத்துல வீசுன்னாரு தலைவர். வீசல. உள்ள பொட்டியில இருக்கு. சாவி இதோ, முந்தானையில.

அன்னிக்குப் போலீஸ்காரர் கேட்டாரு, யாரு பூட்டுனதுன்னு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள தலைவர் முந்திக்கிட்டாரு, அது பாதுகாப்புக்கு எப்பவும் பூட்டுறதுதான்னு. அதோட சரி. குடிச்சானா குடிக்கலையான்னு ஊரே கேட்டுச்சு. பூட்டப் பத்தி ஒருத்தர் கேக்கல. இவ்ளோ நேரம் கேட்டுக்கிட்டு இருக்க, நீயும் கேக்கல பாரு.

சரி. அந்த மஞ்சப் பேப்பர எடு. அஞ்சாவது என்னன்னு படி.

ஆளத் தனியா விடக் கூடாதாமா.

ம். அதான் இருக்கும்னு நெனச்சேன்.

அழுவாத. நீ எதுக்கு அழுவுற? உன் வீட்டுக்காரர் ஒம்பது நாளாக் குடிக்காம வீட்டுல இருக்காரு. இங்க உக்காந்திருக்கியே, இப்ப அவருகூட யாரு இருக்கா? பஸ்ஸு எத்தன மணிக்கு? அந்த நாகப்பன் கொத்தனார் நம்பர் என்கிட்ட இருக்கு, போறப்ப வாங்கிட்டுப் போ. சித்தாளு கேட்டுக்கிட்டே இருக்காரு மனுஷன்.

இரு. பேசாத கொஞ்சம்.

குழாயப் பாரு. நின்னுருச்சு.

உள்ள ஃபேன் ஓடுதா? ஓடுதுல்ல. அப்பக் கரண்டு இருக்கு. இதோ வருது பாரு, காத்து வருது, கனைக்குது. வந்துருச்சு. திரும்ப நின்னுருச்சு. பாத்தியா.

செருப்பு எங்க போட்டேன். இல்ல, நீ உக்காரு, நீ வர வேணாம், வெயிலு. சட்டியில சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடு. நான் ஓடிப் போயித் தொறந்து விட்டுட்டு வந்துடுறேன்.